பின் சீட்டில் யாரும் வேண்டாம்

ஸ்கூட்டர் கற்றுக்கொடுப்பது என்பது, உயிரை முன் சீட்டில் இருப்பவள் கையில் ஒப்படைத்துவிட்டு, வாயை மட்டும் நம் வசம் வைத்துக்கொள்ளும் தொழில். எனக்கு அந்த வாய் முதலிலேயே இருந்தது. வேலை பிறகுதான் வந்தது. தங்கைக்கோ மனைவிக்கோ வண்டி பழக்கப் போய், "பிரேக்! பிரேக்டீ!" என்று அலறித் தொண்டை கட்டி வீடு திரும்பிய சக தியாகிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். கூட்டமான பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் உங்களையும் பிடித்துக்கொண்டு நின்று பழகிய சகோதரிகளே, உங்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும். சொல்லப்போனால் இது உங்கள் கதை. வண்டி மட்டும்தான் என்னுடையது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஜெயா என்று நான் எழுதப்போகும் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மாத்துங்கக்கா, நடந்ததை மாத்தாதீங்க" என்றாள்.

வேலை கிடைத்த விதம்

நான் பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கொச்சி மட்டாஞ்சேரியில்தான். கான்வென்ட் இங்கிலீஷ், வீட்டுத் தமிழ், தெரு மலையாளம் மூன்றும் என் வாயில் கலந்தடித்து வரும். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் காலை ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் நானும் குக்கரும்தான். அதுவாவது விசிலடிக்கும். சும்மா இருக்க முடியாமல், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என் ஸ்கூட்டரைப் பழக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பைஜு அதைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தான்.

அவனிடம் இரண்டு மாஸ்டர்கள் இருந்தார்கள், இருவரும் ஆண்கள். பெண்கள் வந்து விசாரிப்பார்களாம், மாஸ்டரைப் பார்ப்பார்களாம், "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று போனால் போனதுதானாம். "ஏன் போயிடறாங்கன்னு என்னிக்காவது யோசிச்சியா?" என்று கேட்டேன். பைஜு கழுத்தைச் சொறிந்தான். பிறகு சொன்னான்: "காரணம் உங்களுக்கும் தெரியும் சேச்சி, எனக்கும் தெரியும். போர்டுல 'லேடி மாஸ்டர் உண்டு'ன்னு மட்டும் எழுதிக்கிறேன்."

முழங்கை

கடைத்தெரு குடோன்களுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருக்கிறது. எங்கள் வகுப்பு அங்கேதான். மிளகு நெடியும் சுக்கு நெடியும் காற்றோடு வரும். முன்னால் இருப்பவள் தும்மினால் வண்டியும் சேர்ந்து தும்மும். முதல் வாரமே ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. என்னிடம் வந்த பெண்கள் எல்லாரும் முழங்கைகளைக் கோழி இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு ஓட்டினார்கள். அப்படி ஓட்டினால் ஹேண்டில் ஆடும், தோள் இறுகும், வளைவில் வண்டி சாயும். பக்கத்தில் மற்ற மாஸ்டர்களிடம் கற்றுக்கொண்ட பையன்களுக்கு இந்த வியாதி இல்லை.

எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து, முழங்கையைச் சற்று வெளியே வைத்து நடக்கச் சொல்லித் தந்தார்கள். அது அடக்கமாம். எதற்கு அந்த அடக்கம் என்று ஒரு சிஸ்டரும் வாய் திறந்ததில்லை. முதல் தடவை தனியாக பஸ் ஏறிய அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. அதனால் இந்த முழங்கைகள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் வண்டி விழக்கூடாதே? கத்தினேன்.

பை டீச்சர் என்று ஒரு கொங்கணிக்கார அம்மா (பை என்பது குடும்பப் பெயர்), போன வருஷம் ரிட்டயர் ஆனவர். வேலைக்காலம் முழுக்க எர்ணாகுளத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு பஸ்ஸில் போய் வந்தவர். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவரிடம், "டீச்சர், கையை உள்ளே வைங்க! இங்கே உங்களை இடிக்க ஒருத்தனும் இல்லை!" என்றேன். டீச்சர் வண்டியை முறையாக ஓரம் கட்டி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "உள்ளே போகாது லலிதா. இது எர்ணாகுளம் பஸ்ஸுல வளர்ந்த கை."

ஜெயா வண்டியை நிறுத்தினாள்

என் பாணி எளிமையானது. பின் சீட்டில் உட்கார்ந்து, அவள் தோளுக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டி, ஹேண்டிலை அவளோடு சேர்ந்து பிடித்துக்கொள்வேன். ஏறக்குறைய என் தாடை அவள் தோளில் இருக்கும். மூன்றாம் நாள் ஒரு கையை எடுப்பேன், ஐந்தாம் நாள் மறு கையை எடுப்பேன். யாரும் விழுந்ததில்லை, என் வசவுக்குப் பயந்தாவது விழமாட்டார்கள்.

ஜெயாவிடம் இது பலிக்கவில்லை. தேனிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். புருஷன் மாரியப்பன் கொத்தனார். வேலைக்காக இங்கே வந்தவர்கள். ஊரில் சைக்கிள் ஓட்டியவள் என்பதால் பேலன்ஸ் பிரமாதம். தனியாக உட்கார்ந்தபோது வண்டி அவள் சொன்னபடி கேட்டது. நான் பின்னால் ஏறிக் கையை நீட்டினேனோ இல்லையோ, வண்டி நின்றது. மறுபடி ஏறினேன், மறுபடி நின்றது. அடுத்த தடவை அவள் இறங்கியே போய்விட்டாள். போய் குடோன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்வை. பொறுமை என்பது என் ஜாதகத்தில் இல்லாத கிரகம். "என்னடி, வண்டி ஓட்ட வந்தியா, நிறுத்த வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. மூச்சு சீராகும்வரை காத்திருந்து, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள்: "பின்னாடி ஆள் இருந்தா என் கை வேலை செய்யாதுக்கா. நீங்கன்னு இல்ல, யாரா இருந்தாலும்."

ஏன் பஸ் வேண்டாம்

அன்றைக்கு மிச்ச வகுப்பு நடக்கவில்லை. எதிர்க்கடையில் ஆளுக்கொரு சாயா வாங்கிக்கொண்டு திண்டில் உட்கார்ந்தோம். அவளாகவே சொன்னாள், சுருக்கமாக. ஏற்கெனவே சொல்லவேண்டிய இடங்களிலெல்லாம் சொல்லிச் சொல்லி, எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சுக்கு தரம் பிரிக்கும் குடோன் ஒன்றில் வேலை. ஒருநாள் மாடியிலிருந்து காலிச் சாக்கு எடுத்து வரச் சொன்னான் சூப்பர்வைசர், அவனும் தமிழ்க்காரன்தான். இவள் ஏறினாள், அவன் சத்தமில்லாமல் பின்னாலேயே ஏறினான். "கை மேல விழுந்தப்பறம்தான் தெரிஞ்சுதுக்கா" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றே புருஷனிடம் சொல்லி, இருவரும் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். அவன் கைதானான், ஜாமீனில் வந்தான், அதே கடைத்தெருவில் நடமாடுகிறான்.

இப்போது கேஸ் சாட்சி சொல்லும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. கோர்ட் எர்ணாகுளத்தில். பஸ் ஸ்டாப்பில் அவன் கூட்டாளிகள் நிற்கிறார்கள். ஒன்றும் பேசமாட்டார்கள். இவள் ஏறும் பஸ்ஸில் ஏறி, இவளுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். எந்தச் சட்டத்தில் பிடிப்பீர்கள்? இரண்டு தடவை பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டாள். மாரியப்பன் கூடப் போனபோது பஸ்ஸிலேயே தள்ளுமுள்ளாகி, அவர் மேலேயே புகார் கொடுப்போம் என்று மிரட்டியிருக்கிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டிலும் அதே ஆட்கள். இவள் தரப்பு வக்கீலம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: அடுத்த தேதியில் நீ கூண்டில் ஏறவில்லையென்றால் கேஸ் நிற்காது.

"இவ்வளவுதானே? என் வண்டியில நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ஜெயா சாயாவை ஊதி ஒரு வாய் குடித்தாள். "இந்தத் தடவை நீங்க கூட்டிட்டுப் போவீங்க. அப்பறம் நான் வேலைக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, காய் வாங்கப் போக, ஆயுசு முழுக்க யாராவது வருவாங்களாக்கா?"

மாஸ்டர் ஓட்டம்

மறுநாளிலிருந்து பாணியை மாற்றினேன். பின் சீட்டு காலி. அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில், அவள் கண்ணில் படுகிற மாதிரி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன். என் உடம்பைப் பற்றி இங்கே விவரிக்க விரும்பவில்லை; நடந்தாலே தரை எனக்காக வருத்தப்படும். மூட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வலிக்கு ஒரு வசவு, மூச்சுக்கு ஒரு வசவு என்று ஓடினேன். சுமை இறக்கும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் கை தட்டினார். பைஜு ஆபீஸ் வாசலில் நின்று, சிரிப்பை அடக்க ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டான்: "சேச்சி, போர்டுல 'மாஸ்டர் கூடவே ஓடி வரும்'னும் சேர்த்துடட்டுமா?"

கேட்டுவிட்டுத் தொடுவது

ஜெயாவுக்காக ஒரு பழக்கம் வந்தது. ஹேண்டிலைத் திருத்தவோ தோளைத் தட்டவோ வேண்டுமென்றால் முதலில் கேட்பேன்: "தோளைத் தொடட்டுமா?" சரி என்றால் தொடுவேன், வேண்டாம் என்றால் வாயால் சொல்வேன். வாய்க்குத்தான் என்னிடம் பஞ்சமில்லையே. ஒருத்திக்குச் செய்வதை எல்லாருக்கும் செய்துவிடுவோம் என்று எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்தேன். பாங்க்கில் வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒருத்தி, "தேங்க்யூ ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "ஐயே, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்று வெட்கப்பட்டாள்.

நபீசா வெட்கப்படுகிற ஆள் இல்லை. மீன் வியாபாரம்; குரல் ஒரு தெருவுக்கு மைக் வைத்த மாதிரி. மீன் கூடையை வைத்து ஓட்டப் பெரிய வண்டி வேண்டும் என்று கற்றுக்கொள்ள வந்தவள். "நபீசா, இடுப்பைப் பிடிச்சு நிமிர்த்தட்டுமா?" என்று கேட்டதும் வண்டியை அணைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், அப்படிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கேயோ நின்றுபோனது. "சேச்சி, எனக்குக் கல்யாணமாகி நாலு பிள்ளை பெத்தாச்சு. இந்த ஒரு கேள்வியை என்கிட்ட கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

மழை நின்றபிறகும்

ஜூன் மாதம். மழை பிடித்துக்கொண்டது, வகுப்பு நின்றது. பை டீச்சர், நபீசா, பாங்க் பெண், ஜெயா, நான் எல்லாரும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். டீச்சர்தான் ஆரம்பித்தார். சேலை முந்தானையில் குத்தியிருந்த பெரிய ஊக்கைக் காட்டி, "இது சேலைக்கு இல்லை, பஸ்ஸுக்கு" என்றார். நபீசா, தான் மீன் வெட்டும் கத்தியின் பிடியைக் கூடைக்கு வெளியே தெரிகிற மாதிரி வைப்பதைச் சொன்னாள். பாங்க் பெண், ட்யூஷன் மாஸ்டர் வீட்டில் மேஜைக்கு அடியில் காலை மடக்கியே உட்கார்ந்து கணக்குப் போட்டதைச் சொன்னாள். நான் சொன்னது சொந்தத்தில் ஒரு சித்தப்பாவைப் பற்றி. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஆசீர்வாதம் பண்ணுகிற சாக்கில் அவர் கை எங்கே போகும் என்று. அந்தப் படகில், இந்த சினிமா கொட்டகையில், அந்த டாக்டர் அறையில் என்று அடுத்தடுத்து வந்தன. சமையல் குறிப்பு பரிமாறிக்கொள்கிற மாதிரி சொன்னோம், நடுநடுவே சிரித்தோம். ஜெயாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவரை சுவரோரமாக நின்றவள், மெல்ல வந்து எங்கள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

மழை நின்றும் நாங்கள் நிறுத்தவில்லை. சாயாத் தட்டோடு வந்த பைஜு வாசலிலேயே நின்றுவிட்டிருந்தான். எவ்வளவு நேரம் கேட்டானோ தெரியாது. சாயாவில் ஆடை கட்டியிருந்தது. எல்லாரும் போனபிறகு என்னிடம் வந்து, மாமிசக் கடைக்கு வழி தெரியாமல் வந்துவிட்ட ஆட்டுக்குட்டி மாதிரி கேட்டான்: "இருந்த எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்றீங்களே சேச்சி... அப்போ என் அம்மாவுக்கும் இருக்குமோ?"

பெரியவர் வருகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். இங்குள்ள தமிழர்களுக்கு நல்லது கெட்டதில் முன்னால் நிற்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேச்சு. சோபாவில் உட்கார்ந்து, "நீங்க படிச்சவங்க. அந்தப் பொண்ணு உங்க பேச்சைக் கேக்கும்னு சொன்னாங்க" என்றார்.

"என் பேச்சைக் கேட்டா வளைவுல விழமாட்டா. அதுக்கு மேல எனக்குச் சக்தி இல்லை."

"அந்த சூப்பர்வைசர் பையனுக்கு வரன் பார்த்துட்டிருக்காங்கம்மா. சின்னப் பையன். ஏதோ ஒரு தப்பு."

"பையனுக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறு."

"முப்பத்தாறு வயசுல அவன் சின்னப் பையன். இருபத்தாறு வயசுல அவ விவரம் தெரிஞ்ச பொம்பளை. நல்லா இருக்கு சார் உங்க கணக்கு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பரிச்சயம். வாய் நீளமான பெண்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கும் சிரிப்பு. "நடந்தது நடந்துபோச்சு. பிழைக்க வந்த இடத்துல நம்ம ஆளுங்க விஷயத்தை மலையாளத்துக்காரங்க முன்னாடி விரிச்சுக் காட்டணுமா? கோர்ட்ல என்னென்ன கேப்பாங்க தெரியுமில்ல? அந்தப் பொண்ணுக்குத்தானே அசிங்கம்?"

"நடந்து முடியலை சார்" என்றேன். "நேத்துக் காலைலயும் நடந்துது. நான் தெரியாத்தனமா அவ பின்னால போய் நின்னுட்டேன். அவ கையில இருந்த ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டுது. அது யாருக்கு அசிங்கம்னு அந்தச் சின்னப் பையனைக் கேட்டுச் சொல்லுங்க." என் குரல் எதிர்வீடுவரை போயிருக்கவேண்டும், அங்கே ஜன்னல் திறந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் சண்டைகளைப் பேப்பருக்குப் பின்னாலிருந்தே கேட்டு வரும் எங்கள் வீட்டுக்காரர், அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய் வாசல் கதவை முழுசாகத் திறந்தார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சார், உங்க செருப்பு வலதுபக்கம் இருக்கு."

மாரியப்பன் கேட்க வந்தது

ஒரு சாயங்காலம் மாரியப்பன் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். விரலிடுக்கில் சிமென்ட் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னால், "சீட் அழுக்காயிடும்க்கா" என்று நின்றுகொண்டே இருந்தார். இதெல்லாம் வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானேன். அவர் கேட்டது வேறு. எர்ணாகுளம் போகிற வழியில் தோப்பும்படிப் பாலத்தில் லாரிகள் நிறைய வருமே, அதைச் சமாளிப்பாளா என்று கேட்டார்.

சமாளிப்பாள் என்றேன். கிளம்பாமல் நின்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். வாடகை வீடு மாறிவிட்டார்களாம். பழைய வீட்டில் கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட இடமில்லை. அவளுக்கு முதுகுப் பக்கம் சுவர் இருந்தால்தான் தூக்கம் வரும். இவர் வேலை முடிந்து வரும்போது தெருவிலிருந்தே இருமிக்கொண்டு வருவாராம். சமையல் செய்துகொண்டிருக்கும்போது கூப்பிடவேண்டுமென்றால், சுற்றிப்போய் ஜன்னல் வழியாக அவள் முன்னால் நின்று கூப்பிடுவாராம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. புது வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். "பேசாம ஊருக்கே போயிருக்கலாமே தம்பி, ஏன் போகலை?" என்று கேட்டேன். "முதல்ல நான்தான் அப்படிச் சொல்லிட்டிருந்தேன்க்கா. அப்பறம் நிறுத்திட்டேன். ஊருக்குப் போனா முதுகும் கூடத்தானே வரும்."

எட்டு

இங்கே ஸ்கூட்டர் டெஸ்ட் என்றால் எட்டு போடவேண்டும். கம்பிகள் நட்ட வளைவுக்குள், எண் எட்டு வடிவத்தில், தரையில் கால் படாமல் சுற்றி வரவேண்டும். கால் பட்டால் முடிந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி. ஜெயா தூக்கத்தில்கூட எட்டு போடுவாள். டெஸ்ட் அன்று முதல் வளைவை வெண்ணெய் மாதிரி சுற்றினாள். இரண்டாவது வளைவில் லேசாக வேகம் குறைந்தது. வேறொரு டிரைவிங் ஸ்கூல் ஆள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். விழப்போகிறாள் என்று அவராக நினைத்துக்கொண்டு, பின்னாலிருந்து ஓடி வந்து சீட்டுக் கம்பியைப் பிடித்தார். அவள் உடம்பு ஒருதடவை குலுங்கியது. கால் தரையில். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கோர்ட் தேதிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் நாள்தான் மிச்சம். நான் அந்த ஆளை என் மூன்று பாஷைகளிலும் கவனிக்கப் புறப்பட்டேன். ஜெயா என்னைக் கை காட்டி நிறுத்தினாள். வண்டியை ஸ்டாண்ட் போட்டு, அவர் எதிரில் போய் நின்றாள். அவர், "ஹெல்ப் பண்ணத்தானே வந்தேன்!" என்று பதறினார். அவள் குரலை உயர்த்தவேயில்லை: "அண்ணே, ஹெல்ப் வேணும்னா நான் கேப்பேன். கேக்காம பின்னாடி வராதீங்க."

வேலி

அடுத்த வாரம் நான் மட்டும் போகவில்லை. பை டீச்சர் குடையோடு வந்தார். நபீசா வியாபாரத்தை முடித்துக்கொண்டு வந்தாள். பாங்க் பெண் லீவு போட்டாள். எட்டுக்குப் பின்பக்கம் வரிசையாக நின்றோம், கையைக் கோத்து, முழங்கைகளை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு. ஒருத்தரையும் அந்தப் பக்கம் விடவில்லை. தண்ணீர் பாட்டில் விற்க வந்தவரைக்கூட நபீசா சுற்றிப் போகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்து, இது என்ன சமரமா என்று கேட்டார். இங்கே சமரம் என்றால் போராட்டம். ஜெயா முதல் வளைவைச் சுற்றினாள், இரண்டாவதைச் சுற்றினாள், வெளியே வந்தாள். கால் மேலேயே இருந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நபீசா அவரிடம் சொன்னாள்: "சமரம்தான் சாரே. ஜெயிச்சாச்சு, இனி நாங்க போய்க்கிறோம்."

கோர்ட்டுக்குப் போன வழி

தேதி வந்தது. மாரியப்பன் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார். ஜெயாவுக்கு பைஜு ஸ்கூல் வண்டி ஒன்றை இரவல் கொடுத்திருந்தான். நானும் என் வண்டியில் கூடப் போவதாக ஏற்பாடு. ஜெயா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: நான் முன்னால் போகவேண்டும். அதனால் பஸ் ஸ்டாப்பைக் கடந்தபோது நடந்ததைக் கண்ணாடியில்தான் பார்த்தேன். நாலு பேர் நின்றிருந்தார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்களோ அவளுக்காகக் காத்திருந்தார்களோ, ஹெல்மெட்டுக்குள் இருப்பது யாரென்று தெரிந்தபோது வண்டி அவர்களைத் தாண்டிவிட்டது. ஒருத்தன் அவசரமாகப் போனை எடுத்தான். அவள் தலையைத் திருப்பவில்லை. தோப்பும்படிப் பாலத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது; ஜெயா பதிலுக்கு ஹாரன் அடித்தாள்.

சாட்சி சொல்வது கதவடைத்த அறையில். நானும் மாரியப்பனும் வராந்தா பெஞ்சில். அவர் நகத்தில் ஒட்டியிருந்த சிமென்ட்டையெல்லாம் சுரண்டி முடித்தார். நான் எனக்குத் தெரிந்த கான்வென்ட் ஜெபங்களையெல்லாம் சொல்லி முடித்து, அப்புறம் வசவுகளுக்குப் போனேன். மதியம் தாண்டிக் கதவு திறந்தது. ஜெயா வெளியே வந்தாள், கையில் ஹெல்மெட்டோடு. தண்ணீர் பாட்டில் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். தமிழில்தான் சொன்னாள், மலையாளத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்தது. எதிர்க்கட்சி வக்கீலின் கேள்விகள் இன்னும் முடியவில்லை. வேறு தேதி கொடுத்திருக்கிறார்கள். தீர்ப்பு எப்போது, எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. இதை எழுதும்போதும் தெரியாது.

அந்த வக்கீலுக்கு ஸ்கூட்டர் சமாசாரம் போன் வழியாக முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. அவள் ஹெல்மெட்டைச் சுட்டிக்காட்டி, "பாலம் தாண்டித் தனியா வண்டி ஓட்டி வர்ற அளவு தைரியசாலி. அன்னிக்குப் பயந்துபோய்ச் சத்தம் போடலைன்னு சொல்றதை நாங்க நம்பணுமா?" என்று கேட்டாராம். "நீ என்னடி சொன்னே?" என்றேன், அந்த வக்கீலுக்கு வேண்டிய பதிலை என் வாய்க்குள் ஏற்கெனவே தயாராக வைத்துக்கொண்டு. அவள் சொன்னதற்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. ஜட்ஜம்மா அதை வரி பிசகாமல் எழுதிக்கொள்ளச் சொன்னாராம். நானும் அப்படியே எழுதுகிறேன்: "தைரியம் இருக்கறதால நான் வண்டி ஓட்டலை சார். பஸ்ல உங்க கட்சிக்காரரோட ஆளுங்க என் பின்னாடி வந்து நிக்கறதால ஓட்டறேன்."

பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தர எங்கள் ஊரில் தெருவுக்கொரு ஸ்கூல் இருக்க, ஆண்களுக்குத் தங்கள் கையைத் தங்களிடமே வைத்துக்கொள்ளக் கற்றுத்தர ஒன்றுகூட இல்லாததால், எனக்கு இந்த வேலை இன்னும் பல வருஷம் நிலைக்கும் என்றுதான் தோன்றுகிறது.